வெறுமையாகத் திரும்பும் லொறிகள்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று நாற்பது. ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. நான் பாரை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதிலாக இருந்ததால் மகள் ஜெசிகா தொலைபேசியை என் காதருகே பிடித்தாள். பேசியவர் அட்சயா. என் கணவர் வேலை செய்த உதவி நிறுவனத்தின் ரொறன்ரோ அலுவலகத்தில் லொறித் தொடர்களுக்குப் பொறுப்பானவர். வழக்கமாக "அன்ரி, பயப்பிடாதேங்கோ" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அன்று, "அன்ரி, வீட்டில வேற ஆரும் நிக்கினமோ?" என்று கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் "ஓம், ஜெசிகா நிக்கிறா" என்று ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

என் கணவரின் பெயர் றெமிஜியஸ். அடக்கப் பூசையில் பாதர் அவரைப் பற்றிப் பேசினார். தமிழ் வானொலியிலும் பேசினார்கள். பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால், "உவை ஆரைப் பற்றிச் சொல்லுகினம்?" என்று என் காதுக்குள் கேட்டிருப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் மன்னார்க்காரர். லொறிச் சாரதி. அங்கேயும் லொறி, கனடாவுக்கு வந்தும் லொறி. இங்கே நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் மொன்றியல் வரை போய் வருவார். நான் கட்டிக்கொடுக்கும் புட்டை ஸ்ரியறிங்கில் வைத்துச் சாப்பிடுவார். ஆட்களை அவர்கள் போடும் முடிச்சை வைத்துத்தான் மதிப்பிடுவார். யாராவது வீடு மாறும்போது சாமான் கட்டினால் போய் இழுத்துப் பார்ப்பார். "உந்த முடிச்சு ஆர் போட்டது? மாலை கட்டுற ஆளோ?" என்பார். லொறியை மூடும் தறப்பாளை அவர் மடிப்பதைப் பார்த்தால் கோயிலில் பீடத்துணி மடிப்பது போல இருக்கும். இவ்வளவுதான் வெளியில் தெரிந்த மனிதர்.

மற்றது வன்னியில் நடந்தது.

2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். நானும் ஐந்து வயது ஜெசிகாவும் மன்னாரில் இருந்தோம். அவர் வவுனியாவிலிருந்து ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வன்னிக்குள் மாவும் பருப்பும் ஏற்றிப்போகும் லொறிகளில் ஒன்றை ஓட்டினார். "லொறி முதலாளியின்ர, மாவு வெளிநாட்டுக்காரன்ர, ரோட்டு ரெண்டு படையளின்ர. பிரேக் மட்டும்தான் என்ர" என்று பகிடியாகச் சொல்வார்.

அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்த விதி ஒன்றுதான். போகும் லொறி நிறைந்து போகலாம். திரும்பும் லொறி வெறுமையாக வரவேண்டும். ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தாலும், ஆள் கடத்துகிறார்கள் என்று ஏதாவது ஒரு பக்கம் சொல்லும்; அடுத்த கிழமை பாதை மூடப்படும். அதனால் சாரதிகள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாவை இறக்கியதும் தறப்பாளை முன்பக்கமாகச் சுருட்டிக் கட்டிவிட்டு, பின்பலகையையும் இறக்கிவிடுவார்கள். லொறி வெறுமை என்பது காவல் நிற்கும் படைக்காரருக்குத் தூரத்திலேயே தெரியவேண்டும். "மூடின லொறியைக் கண்டா, துவக்கு வைச்சிருக்கிறவனுக்குக் கற்பனை வரும்" என்பார் இவர்.

ஒருநாள் மாவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு சந்தியில் சனம் லொறிகளைச் சுற்றிக்கொண்டது. தொடர் மெதுவாக நகர்ந்தது. ஒரு குடும்பம் தங்கள் மண்ணிறச் சூட்கேசை இவருடைய லொறியில் தூக்கி வைத்தது. சாமான் ஏறிவிட்டால் தங்களையும் ஏற்றாமல் போகமாட்டார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். முன்னால் போன லொறி வேகமெடுத்தது. இவரும் எடுத்தார். தகப்பன் பின்பலகையில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. பிறகு அந்தக் கை தெரியவில்லை. இவர் பிரேக்கை அமத்தவில்லை.

ஓமந்தையில் ஆமிக்காரர் சூட்கேசைத் திறந்தார்கள். மினுக்கி மடித்த இரண்டு பள்ளிக்கூடச் சட்டைகள், ஒரு கொம்பாசுப் பெட்டி, பால்மாப் பேணி. அவற்றை அங்கேயே எடுத்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த கிழமை பாதை திறந்தது; மாவு போனது. இவர் அந்தச் சந்தியில் இறங்கி நின்று பார்த்தார். அந்தக் குடும்பம் இல்லை.

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இதை அவர் என்னிடம் முழுதாகச் சொன்னது ஒரே ஒரு தரம்தான். சொல்லி முடித்துவிட்டு, "மாவு போனது. ஆனபடியா நான் செய்தது சரி. விளங்குதே றெஜி? சரி" என்றார். நான் ஓம் என்றேன். அது சரிதான். இப்போதும் எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் சரியான ஒரு காரியத்தை ஒரு மனிதர் ஏன் இரண்டு தரம் சரி என்று சொல்லவேண்டும்?

போர் முடிந்த பிறகு ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் என் தமையன் றொனால்ட் அண்ணையின் வீட்டில் இறங்கினோம். பதினெட்டாம் மாடி. இரவில் லிஃப்ட் சத்தத்துக்கு எழும்பி இருப்பார். பிறகு ஒரு பேஸ்மென்ற், பிறகு ரூஜில் இந்த வீடு. மற்றவர்களுடைய கதைதான் எங்களுடையதும்.

ஒரு ஞானஸ்நான விருந்தில், மார்க்கம் நகரத்து மண்டபம் ஒன்றில், அகஸ்ரின் என்ற எங்கள் கோயில் பங்குக்காரர் போர்க்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். "வெள்ளைக்காரன்ர லொறியள் வெறுமையாப் போச்சுது. சனம் ரோட்டில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டது. ஒருத்தனுக்காவது மனச்சாட்சி இருந்திருந்தா நிப்பாட்டியிருப்பான்."

இவர் கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். "அதில ஒரு லொறி நான்தான் ஓடினனான், தம்பி."

அகஸ்ரின் சிரிக்கப் பார்த்தார். "அப்ப றெமி அண்ணை, நீங்கள் அவங்களின்ர ஆளோ?"

"நான் மாவின்ர ஆள்" என்றார் இவர். "நிப்பாட்டியிருந்தா நாலு பேர் வந்திருப்பினம். அடுத்த கிழமை மாவு வந்திருக்காது. நீர் எதைச் செய்திருப்பீர்?"

"நான் நிப்பாட்டியிருப்பன்."

"ஓம், இஞ்ச இருந்துகொண்டு நானும் நிப்பாட்டுவன். ஒவ்வொரு நாளும் நிப்பாட்டுறன்" என்றார். பிறகு ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டார்.

அட்சயாவின் நிறுவனம் சின்னது. சாட் நாட்டு எல்லையிலிருந்து சூடானுக்குள் உணவும் மருந்தும் அனுப்புகிறது. யுத்தப் பாதையில் லொறி ஓடியவர்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இவர் எனக்குச் சொல்லாமலே போய்ப் பேசிவிட்டு வந்தார். அட்சயாவின் தாய்தகப்பன் மட்டக்களப்புக்காரர். பிள்ளை ஸ்காபரோவில் வளர்ந்தது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

"லொறி போறதுக்கு முதல் ரெண்டு பக்கத்துக்கும் சொல்லுவம், அன்ரி. எந்த ரோட்டு, என்ன நேரம், எத்தினை லொறி, எல்லாம். ரெண்டு பேரும் ஓம் எண்டாத்தான் போவம். அங்கிளுக்கு ஒரே ஒரு ரூல். திரும்பேக்க ஆள் ஏத்தக்கூடாது. ஏத்துறதெண்டா அதுக்கும் ரெண்டு பக்கமும் ஓம் சொல்லவேணும்."

"உந்த ரூலை எனக்குச் சொல்லித் தாறீரோ பிள்ளை?" என்று இவர் சிரித்தார். அவர் சிரித்த மாதிரி எனக்குப் பிடிக்கவில்லை.

வசந்த காலத்தில் அங்கே லொறித் தொடரை நடத்த முதல்தரம் போய் நல்லபடியாக வந்தார். லொறிச் சாரதிகளுக்குத் தறப்பாள் சுருட்டிக் கட்டப் பழக்கினேன் என்று சொன்னார். இத்ரீஸ் என்ற சாரதி அவருடைய முடிச்சை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாராம். இரண்டாந்தரம் போனது செப்டம்பர் கடைசியில்.

செய்தி வந்த அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிபோல வாட்சப்பில் அழைத்தார். அங்கே மதியம் திரும்பிவிட்டது. சுற்றிவளைக்கப்பட்டிருந்த ஒரு ஊருக்குள் ஆறு லொறிகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அங்குள்ள சின்ன ஆஸ்பத்திரியின் இன்ரநெற்றில் பேசினார். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

"றெஜி, அங்க மழையோ? கராஜ் கூரையில தறப்பாள் பறக்குதோ?"

"அதை விடுங்கோ. வெளிக்கிட்டிட்டியளோ?"

"இல்லை." பின்னால் லொறிகளின் இரைச்சல் கேட்டது. ஒரு குழந்தை அழுதது. "நாளைக்கு ஊருக்குள்ள சண்டை வந்திடும் எண்டு சொல்லுகினம். ஆஸ்பத்திரியில காயக்காறப் பிள்ளையள், பிள்ளை பெத்த தாய்மார். டொக்டர் கொண்டுபோகச் சொல்லிக் கேக்கிறார். ஒரு பக்கம் ஓம் எண்டிட்டுது. மற்றப் பக்கத்துக்கு அட்சயா போன் அடிச்சுக்கொண்டே இருக்கிறா, ஒருத்தரும் எடுக்கினமில்லை. பொழுது படமுதல் போகவேணும்."

"அப்ப வெறுமையா வாங்கோ" என்றேன்.

"அட்சயாவும் உதைத்தான் சொல்லுறா. ரெண்டு பேரும் ஒரே ஒபிஸிலயோ வேலை?"

"பகிடி விடாதேங்கோ. வெறுமையா வாங்கோ."

இன்று கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். எனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. அவரைத் தெரியும்.

ஜெசிகா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கிவந்து தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள். சூட்கேஸ் கதை அவளுக்குத் தெரியும், நான் சொல்லியிருந்தேன். "அப்பா, அந்த ஆக்கள் ஆல்றெடி பாக் எல்லாம் வைச்சிட்டினமோ?"

லொறி ஒன்று உறுமி அடங்கியது.

"ஓம் பிள்ளை. வைச்சிட்டினம். முதல்ல பாக்தான் ஏறும். எல்லா ஊரிலயும் உப்பிடித்தான்."

"ஸோ வட் ஆர் யூ கோயிங் டு டூ?"

"பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார். "இப்ப ஒண்டில் பாக்கை இறக்கவேணும், இல்லாட்டி ஆளை ஏத்தவேணும். பாக்கை மட்டும் கொண்டுபோகேலாது." பிறகு அவளிடம், "அம்மாவைச் சாப்பிடச் சொல்லும்" என்று, நான் அங்கே இல்லாதது போலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதன்பிறகு நானும் ஜெசிகாவும் சமையலறையில் இருந்தோம். தொலைபேசி மேசைக்கு நடுவில் கிடந்தது. ஜெசிகா பாண் துண்டுகளைச் சுட்டாள், இருவரும் தொடவில்லை. "அப்பா ஹாஸ் டு ஃபொலோ த ரூல், இல்லையா அம்மா?" என்று கேட்டாள். சற்று நேரம் கழித்து, "பட் அவை ஏற்கெனவே பாக் வைச்சிட்டினம்" என்றாள்.

அந்த நேரத்தில் அட்சயாவுக்கும் அவருக்கும் நடந்ததை அட்சயா பிறகு எனக்கு ஒளிக்காமல் சொன்னார். "அங்கிள், பாக்கை இறக்குங்கோ" என்று அட்சயா சொல்லியிருக்கிறார். "இறக்கிறதெண்டா நீர் வந்து இறக்கும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். "அங்கிள், ஊருக்குள்ள அறுபதாயிரம் சனம் இருக்கு. ஒரு லொறிச் சனத்துக்காக அவ்வளவு பேரின்ர மாவையும் நிப்பாட்டப் போறியளோ?" இதற்கு இவர், "நீர் சொல்லுறது சரி பிள்ளை. நானும் உதைத்தான் பதினேழு வருசமாச் சொல்லுறன்" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

எங்களுக்கு ஒன்பதரை போல ஒரு படம் வந்தது. கடைசி லொறியைப் பின்னால் நின்று எடுத்த படம். தறப்பாள் முன்பக்கமாகச் சுருட்டி, அவருடைய முடிச்சில் கட்டப்பட்டிருந்தது. பின்பலகை இறக்கியிருந்தது. உள்ளே பெண்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, வெயிலுக்கு முகத்தைத் திருப்பியிருந்தார்கள். ஒரு பிள்ளையின் கட்டுப்போட்ட கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மற்றச் சாரதிகள் தறப்பாளை மூடச் சொன்னார்களாம். இவர் மறுத்துவிட்டார். மூடினால் ஆயுதம் என்று நினைப்பார்கள். திறந்திருந்தால் சனம் என்று தெரியும் என்பது அவருடைய கணிப்பு. படத்தின் கீழே, "வெளிக்கிட்டம்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

நான் செபமாலையை எடுத்தேன். எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்பத் தொடங்கினேன். ஜெசிகா படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லைக்குப் போகும் வழியில், பதில் சொல்லாத அந்த மற்றப் பக்கத்தின் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. ஐந்து வெறும் லொறிகள் முன்னால், சனத்தோடு இத்ரீஸின் லொறி பின்னால், இவர் இத்ரீஸின் பக்கத்தில். சாவடிக்காரர் சுடவில்லை. அந்த அளவுக்கு அவருடைய கணிப்பு பலித்தது. ஆனால் மறித்தார்கள். இத்ரீஸ் பிறகு அட்சயாவுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அங்கிருந்த பொறுப்பாளர் இளவயதுக்காரர். லொறியைச் சுற்றி நடந்து மூட்டைகளைக் குத்திப் பார்த்தார். மேலிடத்தைக் கேட்கவேண்டும், அதுவரை எல்லாரும் நிற்கவேண்டும் என்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, லொறியில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. இவர் இறங்கினார். லொறிகளை விடுங்கள், பதில் வரும்வரை நான் நிற்கிறேன், பதில் பிழையாக வந்தால் என்னிடம் கேளுங்கள் என்று இத்ரீஸைக் கொண்டு சொல்வித்தார். அந்தப் பெடியன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கிழவனை வைத்து நான் என்ன செய்வது என்று கேட்டானாம். "தேத்தண்ணி தரலாம்" என்றாராம் இவர். அவன் சிரித்துவிட்டு லொறிகளை விட்டான்.

இத்ரீஸ் லொறியை எடுக்கும்போது இவர் பின்னால் போய், கட்டியிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார் என்றும் இத்ரீஸ் சொல்லியிருக்கிறார்.

பதினொன்றேகாலுக்கு எனக்கு ஒரு குரல்செய்தி வந்தது. "லொறி போயிட்டுது. நான் ஒரு கடையில இருந்து தேத்தண்ணி குடிக்கிறன், சீனி கூடிப்போச்சு. ஜீப் வந்து ஏத்தும். யோசியாதேயும்."

பகல் ஒரு மணி தாண்டியபின் அட்சயா அழைத்து, லொறிகள் எல்லையைத் தாண்டிவிட்டன, எல்லாரும் உயிரோடு என்றார். ஜெசிகா என்னைக் கட்டிப்பிடித்தாள். சுட்ட பாண் காய்ந்து கிடந்தது. அதை இரண்டு பேரும் தின்றோம். ஜீப் அவரை எடுக்கப் போய்விட்டதா என்று கேட்டேன். சாவடிக்காரரின் மேலிடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை, வந்ததும் போகும் என்றார். அதற்குப் பிறகுதான் குளிர்பெட்டியிலிருந்து மீனை எடுத்தேன்.

சாவடியின் மேல் விழுந்தது ட்ரோன் குண்டு. அனுப்பியது, சனத்தைக் கொண்டுபோக ஓம் என்று சொன்ன பக்கம். லொறிகள் போய்விட்டன என்று அவர்களுக்குத் தெரியும். லொறிகளுக்குத்தான் அவர்கள் ஓம் சொல்லியிருந்தார்கள். சாவடியில் ஒருவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பதை யாரும் அவர்களுக்கு அறிவித்திருக்கவில்லை. அந்த இளவயதுப் பொறுப்பாளரும் செத்துப்போனார்.

உடல் வர மூன்று கிழமை எடுத்தது. அடக்கத்துக்கு வந்தவர்களில் அகஸ்ரினும் ஒருவர். வரிசையில் கடைசியாக நின்று, பெட்டியைத் தொட்டுவிட்டு என்னிடம் வந்தார். "அக்கா, அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சது..." என்று தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்து, "அவர் உங்களுக்குச் சொன்ன மறுமொழியும் சரிதான், தம்பி" என்றேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது.

எல்லாரும் போனபிறகு அட்சயா மண்டபத்துக் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். "முப்பத்தொன்பது பேர், அன்ரி. அந்தத் தாயும் பிழைச்சிட்டா" என்றார்.

"மாவு?" என்று கேட்டேன்.

அவர் கதிரையைக் கீழே வைத்தார். "விடுறாங்களில்லை, அன்ரி. ஆள் ஏத்தினதெண்டு மற்றப் பக்கம் ரோட்டை மூடிட்டுது. நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம். அண்டைக்குப் பிறகு ஒரு லொறியும் போகேல்லை." சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். என்னைவிட அவருக்குத்தான் அந்த ஊர் தெரியும்.

வானொலியில் இதைச் சொல்லவில்லை. பாதருக்கும் தெரியாது. ஆனால் இவரைப் பற்றி எழுதுவதென்றால் இதையும் எழுதவேண்டும். இதை ஒளித்தால் அவர் என்னோடு கதைக்கமாட்டார். ஏற்றியது சரியா, பிழையா என்று நான் தீர்க்கப் போவதில்லை. முப்பத்தொன்பது பேர் எங்கோ ஒரு கூடாரத்தில் இருக்கிறார்கள். அந்த ஊரில் இன்று என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு காலையும் அட்சயாவுக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன்: "பாதை?" அவர் "இன்னும் இல்லை, அன்ரி" என்று பதில் போடுகிறார். இன்று காலையும் அப்படித்தான்.

வெளியே காற்று அடிக்கிறது. செப்டம்பரில் வந்த புயலில் கராஜ் கூரையின் ஓடுகள் கழன்றபோது, புறப்படுவதற்கு முதல்நாள் இவர் ஏறி ஒரு நீலத் தறப்பாளைப் போட்டார். மூன்று மூலைகளைக் கட்டினார். நான்காவது மூலையில் கயிறு கோக்கும் பித்தளை வளையம் பிய்ந்திருந்தது. வந்து புது வளையம் வாங்கிப் போடுகிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டார். போன கிழமை றொனால்ட் அண்ணை வந்து, "நான் ஏறிக் கட்டிவிடட்டே, பிள்ளை?" என்று கேட்டார். ஏணி வழுக்கும், விடுங்கோ என்றேன். அந்த மூலைக்கென்று இவர் அளந்து வெட்டிய கயிறு ஏணியின் இரண்டாவது படியில் கிடக்கிறது. மூலை இன்னும் கட்டப்படவில்லை.